திலகாவின் ஒட்டு வலை

டேனியலோடு சேர்த்து அவன் வலையையும் புதைத்துவிட்டார்கள்.

மார்மேல் வைத்தால் பாஸ்டர் பார்த்துவிடுவார் என்று, பெட்டியின் கால்மாட்டில் வேட்டிக்கு அடியில் சுருட்டி வைத்தவள் டேனியலின் அக்கா ராணியம்மாள். "ஏரிய வுட்டா அவனுக்கு வேற இன்னாடி தெரியும்? அவன்கூடவே போவட்டும்" என்றாள். டேனியலின் பெண்டாட்டி திலகா தலையை ஆட்டினாள். அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள். பாஸ்டர் ஜெபம் முடித்து, மண்ணைத் தள்ளும்போதுதான் அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது, வலையில் ஒரு பக்கம் பொத்தல் விழுந்திருந்ததே, அதைத் தைக்காமலே கொடுத்து அனுப்பிவிட்டோமே என்று.

அது புரட்டாசி. ஏரிக்கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆட்டோவில் உத்திரமேரூர் கொண்டுபோனார்கள். பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டாள் திலகா. தன் மடியில் இருந்தவனுக்கு இனிமேல் எந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திலகா பிறந்தது கூரம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதுமாக வளர்ந்தவள், பெருநகர் ரோட்டில் இருக்கும் இந்த ஊருக்கு டேனியலைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த முதல் வருஷம் ஏரியைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பாள். டேனியல் விடவில்லை. தெர்மாகோல் பலகைகளை அடுக்கி, யூரியா சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய தெப்பம் அவனுடையது. பெஞ்சு அகலம்தான் இருக்கும். முன்னால் அவன் நின்று வலையை விடுவான். பின்னால் அவள் குந்தி, அலுமினியத் தட்டால் தண்ணீரைத் தள்ளி, தெப்பம் சாயாமல் பார்த்துக்கொள்வாள். ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் கருவேல மரங்கள் எங்கெங்கே வலையைக் கிழிக்கும், மதகு ஓரத்தில் சேறு எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் போகப் போக அவளுக்குப் பழகிவிட்டது. கெண்டையும் ஜிலேபி மீனும் விழும். காலையிலேயே அவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி உத்திரமேரூர் கடைத்தெருவில் உட்காருவாள்.

உரிமம் மட்டும் டேனியல் பேரில் இருந்தது.

ஏரியை மீனவர் சங்கம் குத்தகைக்கு எடுத்து, உறுப்பினர்களுக்கு வருஷா வருஷம் தை மாதத்தில் உரிமம் தரும். ஒருவர் இறந்துபோனால் அந்த இடத்தை வீட்டில் ஒருவர் கேட்கலாம். அந்த வருஷமே கேட்க வேண்டும். விட்டால் அடுத்து வரிசையில் காத்திருப்பவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்களுக்குக் குறைச்சல் இல்லை. நடவுக்கு மிஷின் வந்துவிட்டது. ஏரி கைவிட்டுப் போனால் திலகாவுக்கு நூறு நாள் வேலையை விட்டால் வேறு வழி இல்லை. இதையெல்லாம் அவள் நாலு பேரிடம் சொன்னாள். சொல்லாதது ஒன்றும் இருந்தது. வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் டேனியல் இல்லை. தெப்பத்தில் ஏறி உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் அவன் முதுகு தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மனுவைக் கொடுத்தபோது சங்கத்துச் செயலாளர் கிருஷ்ணசாமி வாங்கிப் பார்த்தார்.

"எம்மா, இது சரியாத்தான் கீது. மீன்வள ஆபீஸ்லருந்து மேடம் வருவாங்க. தெப்பத்த ஓட்டிக் காட்டணும், வலைய கரைல போட்டுக் காட்டணும். சொந்த வலை இல்லாதவங்களுக்கு லைசென்ஸ் கெடையாது. தெரியுமில்ல?"

அது தெரிந்ததுதான். முன்னொரு காலத்தில் வலையைத் தொட்டே பார்க்காதவர்கள் பேரில் உரிமம் வாங்கி, வெளியூர் வியாபாரிகள் ஏரியையே வழித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வந்த விதி அது.

"வலை இல்லியேண்ணா."

"இன்னா ஆச்சு? வித்துட்டியா?"

"அவுரு எடுத்துக்கினு போய்ட்டாரு."

கிருஷ்ணசாமிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அல்லாரும் கோடித் துணி போட்டு அனுப்புவாங்க. நீங்க தொழிலையே கட்டி அனுப்பிட்டீங்களா? பாஸ்டர் ஒண்ணும் சொல்லல?"

"அவுருக்குத் தெரியாது."

"நல்லா கீது போ. அங்க அவனுக்குக் கெண்டை கெடைக்குதா பாப்போம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று அவள் முகத்தைப் பார்த்தார். திலகாவுக்குச் சிரிப்பு வந்தது. டேனியலே அப்படித்தான் பேசியிருப்பான்.

புது வலை வாங்கும் காசு அந்த வீட்டில் அப்போது பேச்சுக்கும் இல்லை. ராணியம்மாள் மட்டும் இரண்டு நாள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டிருந்தாள். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்டி."

"வுடு அண்ணி. நானும்தான் தலைய ஆட்னேன்."

அந்த வாரத்தில் ஒருநாள் பொழுது சாயும்போது இருசப்பன் வந்தார். டேனியலுக்கு அடுத்த தெப்பக்காரர். அவருடைய தம்பி வரிசையில் காத்திருப்பவர்களில் ஒருவன். அதனால் அவர் தலையைக் கண்டதும் திலகா எழுந்து நிற்கக்கூட இல்லை. தோளில் கிடந்த வலையை அவர் தெருவிலேயே போட்டுப் பிரித்தார்.

"கத்தி எடுத்துக்கினு வா தங்கச்சி."

"எதுக்குண்ணா?"

"ஒரு மொழம் குடுத்தா என் வலை ஒண்ணும் கொறஞ்சிடாது. தம்பிக்காரனப் பத்தி நெனைக்காத. அவன் இன்னும் ஒரு வருசம் தூண்டி போட்டுக்கினு கெடக்கட்டும்."

ஒரு முழம் என்றவர் மூன்று முழம் அறுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு எல்லப்பன் உள்ளே போய்த் தன்னுடையதில் ஒரு துண்டு கொண்டுவந்தார். மறுநாள் மற்ற தெப்பக்காரர்களின் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, முந்தானையில் சுருட்டி எடுத்து வந்ததை வைத்துவிட்டுப் போனார்கள். பச்சை ஒன்று, நீலம் ஒன்று, வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போனது ஒன்று. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. குழம்புக்கு இரண்டு வெங்காயம் கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள்.

திலகா நைலான் நூலும் வலை ஊசியுமாக வாசலில் உட்கார்ந்து ஒன்றோடொன்றை முடிந்தாள். அப்போதுதான் இருசப்பன் கொடுத்த துண்டில் அவள் விரல் மாட்டியது. அந்த ஏரி வலைகளில் ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். அதற்குக் குறைந்தால் குஞ்சு மீனெல்லாம் சிக்கும் என்று சங்கத்தில் தடை. இதில் இரண்டு விரலே இறுகியது. விடியுமுன் இருசப்பன் பொடி மீன் அள்ளுகிறார் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. பேச்சு மெய்தான் என்று மனிதர் தம் கையாலேயே அறுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அத்தத் தூக்கிக் கொல்லையில போடு" என்றாள் ராணியம்மாள்.

"மொதல்ல வந்து குடுத்தவரு அண்ணி. அவரு துண்டு மட்டும் இல்லன்னா இன்னா நெனப்பாரு?"

"ஆபீஸ்காரம்மா பாத்தா இன்னா நெனப்பாங்க, அத்த யோசி."

திலகா யோசித்தாள். மரியாதைதான் பெரிதாகத் தெரிந்தது. அந்தத் துண்டை நடுவில், அடிப்பக்கம் ஈயக்குண்டு கோக்கிற இடத்தில், எளிதில் கண்ணில் படாதபடி வைத்து முடிந்தாள்.

சோதனைக்கு வந்த பெண் சின்ன வயசு. கீர்த்தி என்று பேர். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். கரையில் தெப்பக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். தெப்பத்தை ஓட்டிக் காட்டச் சொன்னாள். புரட்டாசிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் திலகா தண்ணீரில் இறங்குகிறாள். முன்பக்கம் ஆள் இல்லாததால் தெப்பம் பின்னால் அழுந்தி மூக்கைத் தூக்கியது. நகர்ந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் நினைத்திருந்ததுபோல் எந்த முதுகும் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது, அகலமாக. பரவாயில்லை என்றிருந்தது. கருவேல மரங்களைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நல்லா ஓட்டறீங்க" என்றாள் கீர்த்தி. "வலையைக் காட்டுங்க."

வலையைப் புல்லில் விரித்தார்கள். வெயிலில் அது திருவிழாத் தோரணம்போல் பல நிறமாகக் கிடந்தது. கீர்த்தி பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து ஒரு கண்ணியை இழுத்து அளந்தாள். சரியாக இருந்தது. தள்ளிப் போய் இன்னொன்றை அளந்தாள். அதுவும் சரி. எழுந்திருக்கப் போனவள் கால் தடுக்கி, வலையின் நடுவில் கையை ஊன்றினாள். ஊன்றிய இடத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்கேலை வைத்தாள்.

"இது என்னங்க?"

கீர்த்தி அந்தக் கண்ணியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"இது அளவைவிடக் குறைச்சலா இருக்கே. இந்தத் துண்டு யார் கொடுத்தது?"

கரையில் நின்றவர்களில் ஒருவர்கூட இருசப்பனைப் பார்க்கவில்லை. அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். இருசப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னால் அவர் உரிமம் போகும். சொல்லாவிட்டால் திலகாவுடையது வராது.

"என் வலைம்மா" என்றாள் திலகா கடைசியில். "இதுல கீறது அல்லாம் என்னுதுதான்."

"அப்படின்னா உங்களுக்கு உரிமம் தர முடியாது."

கிருஷ்ணசாமி முன்னால் வந்தார். "மேடம், புருசன் செத்த பொம்பள. பாவம்..."

"தெரியும் சார். அதுக்காக இதை எழுதாம விட முடியுமா? குஞ்சை எல்லாம் அள்ளிட்டா அடுத்த வருஷம் இவங்களே எதைப் பிடிப்பாங்க?"

அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை. டேனியலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான். திலகா தெப்பத்துக்குப் போய், கயிறு அறுக்கிற கத்தியை எடுத்து வந்தாள். வலையின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். இருசப்பன் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். துண்டு கையோடு வந்தது. அதை உருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப இல்லம்மா."

வலையின் நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே புல் தெரிந்தது.

கீர்த்தி ஓட்டையையும் திலகாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல மாடே போயிடும் போலிருக்கே."

"மாடு எங்க ஏரிக்கு வந்து மேயாது மேடம்" என்றார் எல்லப்பன்.

கிருஷ்ணசாமி தொண்டையைச் செருமினார். "ஓட்ட வலை கூடாதுன்னு எங்கனா விதி கீதா மேடம்?"

கீர்த்தி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததை மறைக்கத் தலையைக் குனிந்து, ஸ்கூட்டி சீட்டின் மேல் உரிமக் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இல்லை. ஆனா இங்க நிக்கிற எல்லாருக்கும் சொல்றேன். அடுத்த மாசம் வருவேன். எல்லார் வலையையும் அளப்பேன். அப்ப யாரும் கத்தியைத் தேடக் கூடாது."

ஸ்கூட்டி கண்ணை விட்டு மறையும்வரை எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் நின்றார்கள். அப்புறம் இருசப்பன் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி. அந்தத் துண்டக் குடுத்துடு."

"குடுக்கறேண்ணா. வூட்ல மீதி வலை கீதே, அத்த எடுத்துக்கினு வா. ரெண்டையும் சேத்துக் கொளுத்திட்டுப் போவலாம்."

"அடங்கொப்புரானே" என்றார் எல்லப்பன். கரையே சிரித்தது. இருசப்பனும் சிரிக்கப் பார்த்தார். முடியாமல், தலையைச் சொறிந்துகொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார். எடுத்து வருவாரா மாட்டாரா என்று திலகா திரும்பிப் பார்க்கவில்லை. கிருஷ்ணசாமி நீட்டிய காகிதத்தை வாங்கினாள். தன் பேர் அச்சில் இருந்ததைப் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்துவிட்டு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். துக்கத்தால் உட்கார்ந்தது அல்ல அது. மாதக்கணக்காகத் தலையில் சுமந்த புல்லுக்கட்டை இறக்கிப்போட்டால் கழுத்து ஆடுமே, அந்த மாதிரி.

"ஏண்டி, மயக்கமா?" என்று ராணியம்மாள் ஓடி வந்தாள்.

"பசிக்குது அண்ணி" என்றாள் திலகா.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது. ஆட்டோ திரும்பிய நாளிலிருந்து அவள் வாயால் அந்த வார்த்தையே வந்ததில்லை. ராணியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, சோறு வடிக்க வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். திலகா ஓட்டை வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் பின்னால் போனாள்.