முகம் தெரியக் கூடாத வலை

குழாய், கைப்பிடி, கட்டில் கால் என்று எதைக் கொடுத்தாலும் அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம், அப்படி நிக்கல் முலாம் பூசுவார். அதனால் அவருக்குப் பளபளா அக்கா என்றே பெயர். பாதி ஆயுள் முலாம் தொட்டியோடு போயிற்று. முழங்கை வரை உறை மாட்டாமல் தொட்டிப் பக்கம் போகமாட்டார். கைத்தோல் இன்னும் ஒழுங்காக இருப்பது அதனால்தான்.

குழாய்க் கம்பெனி மூடியதும் அவர் சேர்ந்த இடம், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் பெட்டிகளைச் செய்யும் பட்டறை. பெட்டிக்குள் இருக்கும் கம்பி வலை வழியாகத்தான் சூரிய மின்சாரம் தண்ணீருக்குள் இறங்கும். வலை சரியில்லையென்றால் மின்சாரத்தை அளவில்லாமல் விழுங்கும். ஹைட்ரஜன் யானை விலை ஆகிவிடும். வெளியில் வாங்கும் நல்ல வலையோ அதற்கும் மேல். அதனால் சாதாரண எஃகு வலைக்கு இங்கேயே நிக்கல் பூசிப் பார்த்தார்கள். போட்டதெல்லாம் தோற்றது. இன்றும் தோற்றால் வெளி வலைதான், முலாம் பிரிவைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி பூட்டே வாங்கி வந்துவிட்டார்.

காலையில் அக்கா கிளம்பும்போது, பேருந்து ஓட்டும் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"வேலை போனா என் பஸ்ல கண்டக்டரா வந்துடு."

"நீங்க போடற பிரேக்குக்குச் சில்லறையெல்லாம் ரோட்டுலதான் கிடக்கும்."

பட்டறையில் இன்ஜினியர் பெண் புது வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இதுல என் மூக்குத்தி தெரியுது!"

"தெரியாம? யார் பூசினது?"

"பிரைட்னர் ஊத்துனீங்களா?"

ஊற்றினால் முலாம் கண்ணாடியாக வரும் மருந்து அது. செய்முறையில் அது இல்லை. ஆனால் கை கேட்டால்தானே? ஒவ்வொரு முறையும் தானாகவே ஊற்றியிருந்தது.

"ஊத்தாம பின்னே, அழுக்காவா குடுப்பேன்?"

அந்தப் பெண் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "நானும் ஒவ்வொரு தடவையும் சூப்பரா மின்னுதுன்னு பாராட்டினேனே! சொரசொரன்னு இருக்கணும்க்கா. மேடு பள்ளம் இருந்தாத்தான் தண்ணி படற இடம் கூடும். குமிழியும் ஒட்டிக்கிட்டு நிக்காம ஓடும்."

உடனே வேறு தொட்டி, புதுக் கரைசல். மின்னோட்டத்தை ஏற்றச் சொன்னாள். அக்காவுக்குப் பல் கூசியது.

"கருகிடும்டி!"

"கருகட்டும்க்கா!"

வலை அடிப்பிடித்த பாத்திரம் போலச் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் பூசினேன்னு வெளியில சொல்லிடாதம்மா."

சோதனைப் பெட்டியில் வலையை மாட்டி மின்சாரம் விட்டார்கள். குமிழிகள் பொடிப்பொடியாகக் கிளம்பிக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் பாலாக வெளுத்தது. மீட்டரில் இரண்டு வோல்ட்டைத் தாண்டியே அடம்பிடித்த எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. அதே அளவு ஹைட்ரஜன், குறைந்த மின்சாரம்! அந்தப் பெண் குதித்த குதியில் ஸ்பானர் ஒன்று மேசையிலிருந்து விழுந்தது. அக்காவும் குதித்தார், மூட்டு வலி மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

முதலாளி மீட்டரைத் தட்டினார், வேறு மீட்டர் வைத்துப் பார்த்தார். அதே எண்.

"எல்லா வலையும் இனி இங்கேயே பூசிடுங்க" என்றார்.

"அந்தப் பூட்டைக் குடுங்க சார்."

பிரைட்னர் கேனை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை அக்கா இன்ஜினியர் பெண்ணின் கையில் திணித்தார்.

"நீயே வச்சுக்க. இந்தக் கை மேல எனக்கே நம்பிக்கையில்ல. நான் கெஞ்சினாலும் குடுத்துடாத."