காதில் வைக்காத பஞ்சு

என் அக்கா இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறாள். மெஷின் போடும் சத்தம் காதைக் கிழிக்கும். அதனால் படுப்பவர் காதில் பஞ்சு அடைத்து, "அசையாதீங்க, இருபது நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே தள்ளுவாள். நினைவில்லாதவர்களுக்கு மட்டும் இரண்டும் கிடையாது. "கட்டைக்கு எதுக்குடா பஞ்சு?" என்பாள்.

போன வாரம் மூளை டாக்டர் ஒரு புதுப் பரிசோதனையோடு வந்தார். மூளை வேலை செய்வதை வழக்கம்போல ரத்த ஓட்டத்தை வைத்து ஊகிக்காமல், நேரடியாகவே படம் பிடிக்கப் பார்க்கிறாராம். இரண்டு வருஷமாக நினைவில்லாமல் கிடக்கும் ஒரு டீச்சரைப் படுக்க வைத்தார்கள். அக்கா ஏற்கெனவே நாலு தடவை ஸ்கேன் எடுத்தவர்தான். டாக்டர் தன் கையாலேயே அவருக்கு ஹெட்போன் மாட்டினார்.

"யாருக்கு சார் பாட்டுப் போடப் போறீங்க?" என்று அக்கா சிரித்தாள்.

டாக்டர் மைக்கில் பேசினார். "டீச்சர், உங்க வீட்டு வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் மனசுக்குள்ளயே நடங்க."

திரையில் மூளையின் ஒரு மூலை மினுங்கியது.

"போதும், நில்லுங்க."

அணைந்தது. மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடி மினுங்கியது.

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலு தடவை, ஒவ்வொன்றும் இருபது நிமிஷம், பஞ்சில்லாமல். கட்டை என்று சொன்னதும் அவர் தலைமாட்டில் நின்றுதான்.

"இன்னொரு படம் எடுக்கணும், நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க" என்று டாக்டர் மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

மன்னிப்புத்தான் கேட்க நினைத்தாளாம். இருபது வருஷப் பழக்கம், வாயில் வந்தது வேறு.

"அசையாதீங்கம்மா."