சுற்று எண்ணும் வெர்டி அக்கா

நான்காவது பென்சிலையும் பேனாக்கத்தியால் சீவி முடித்துக் கொண்டையில் செருகிக்கொள்கிறாள் வெர்டி அக்கா. மற்ற மூன்றும் ஏற்கெனவே அங்கே குத்தி நிற்கின்றன. சீவிய தூளை மடியிலிருந்து தட்டிவிடுகிறாள். அது பலகைச் சந்து வழியாகக் கீழே உட்கார்ந்திருப்பவர்களின் தலையில் விழுகிறது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவளுடைய கண் இப்போது படிக்கட்டில் ஏறி வருகிற ஒருவன் கையிலிருக்கும் காகிதப் பையின் மேல் நிலைத்திருக்கிறது.

"ஏம்ப்பா, அது என்ன பையில? கடலையா? தோலோடயா? புத்தி கித்தி இருக்கா உனக்கு? இருபத்தாறு பேரு உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டப் போறாங்க, நீ இங்க உக்காந்து கடலை உரிப்பியா? போ, வண்டி நிறுத்துற எடத்துல தின்னுட்டு, வாயத் தொடச்சுட்டு வா!"

அவன் போய்விட்டான். எங்கள் கேன் க்ரீக் ஸ்பீட்வே என்ற கார்ப் பந்தயத் திடலில் தோலுள்ள கடலையும் ஆகாது, பச்சை நிறமும் ஆகாது; இரண்டும் கெட்ட சகுனம். பாதிரியாரின் மனைவி ஒருமுறை பச்சைத் தொப்பி அணிந்து வந்தபோது, அதைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைக்கச் சொன்னவள் இவள். பாதிரியார் மனைவியும் பேசாமல் கவிழ்த்து வைத்தார்.

வாரத்தில் ஐந்து நாள் வெர்டி கிளாண்டனுக்குக் காலுறை மில்லில் வேலை. காலுறையின் விரல் பக்கத்தை மெஷினில் மூட்டித் தள்ளுவாள். பந்தய நாளில் அவளுடைய இடம் சுற்று எண்ணுகிறவர்களின் மேடை. சுற்று முடியும் கோட்டுக்கு நேர் எதிரே தகரக் கூரை போட்ட பலகை மேடை அது. ஒவ்வொரு காரும் தன் ஆளைத் தானே கூட்டிவர வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஓட்டுகிறவனின் மனைவி, அக்கா, கொழுந்தியாள் என்று யாராவது வந்து உட்காருவோம். எதிரில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கும். நம் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து, அட்டையில் அந்தச் சுற்றுக்கான கட்டத்தில் நேரத்தை எழுத வேண்டும். இருநூறு சுற்றுக்கு இருநூறு கட்டம். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்வது அந்த அட்டைதான்.

நான் எங்கள் அண்ணனின் பதினேழாம் நம்பர் காருக்கு எழுதுகிறவள். அண்ணன் கார் பெரும்பாலும் நாற்பதாவது சுற்றுக்குள் புகையைக் கக்கிக்கொண்டு புல்தரையில் போய் நின்றுவிடும். மீதி நூற்று அறுபது சுற்றும் எனக்குப் பொழுதுபோக்கு, பக்கத்தில் இருக்கும் வெர்டி அக்காவைப் பார்ப்பதுதான்.

பந்தய நாளில் அவள் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். நடுவில் எழுந்து போக வேண்டிவந்தால் யார் எழுதுவது? ஊருக்கெல்லாம் பொரித்த கோழியும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் கொண்டுவருவாள், தான் தொடமாட்டாள். கொடி அசைந்த நிமிடத்திலிருந்து அவளுக்குப் புருஷனும் கிடையாது. வீட்டில் அவன் ஹாய்ட். இங்கே வெறும் நாற்பத்து நான்காம் நம்பர் கார். மூன்று வருடம் முன்பு அந்தக் கார் மூன்றாம் வளைவில் இரண்டு தரம் உருண்டு தலைகீழாகக் கிடந்தது. மேடையில் இருந்த பெண்கள் எல்லாம் அலறினோம். வெர்டி அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், அறுபத்திரண்டாவது கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதினாள், பென்சிலைக் கொண்டையில் செருகினாள், அதன் பிறகு கேட்டாள்:

"மூச்சு இருக்கான்னு யாராச்சும் போய்ப் பாருங்கடி."

இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இவ்வளவு சொன்னதால் இவள் பெரிய உத்தமி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சீட்டு விளையாட்டில் இவளைப் போல ஏமாற்றுகிறவள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. மேஜைக்கு அடியில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கும். பிடித்துவிட்டால், "அட, எப்ப விழுந்துச்சு இது?" என்று நம் முகத்தையே பார்த்துக் கேட்பாள். வயது நான்கு வருடமாக நாற்பத்தாறிலேயே நிற்கிறது. தான் சுடும் ஆப்பிள் 'பை' பலகாரத்தின் செய்முறையை எங்களில் எட்டுப் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எட்டும் எட்டு விதம், ஒன்றுகூட அவளுடையது மாதிரி வராது. பொய் சொல்ல அவளுக்கு வாய் கூசாது. பென்சில் மட்டும்தான் பொய் எழுதத் தெரியாமல் போயிற்று.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. இது அட்டையில் சேராதது. தீவனக் கடைக் காலண்டரில் கிழித்த பழைய மாதத் தாள்களைச் சேர்த்து வைத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் தனியாக ஒன்று எழுதிக்கொண்டே வருவாள். நாற்பத்து நான்கு கோட்டைத் தாண்டும்போது அதற்கு நேர் முன்னால் எந்த நம்பர் போனது என்ற குறிப்பு அது. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கா? வீட்டுக்கு வந்து அந்த மனுஷன் விடுற கதைய நீ கேட்டதில்லையே லீட்டா! 'அம்பது சுத்து எனக்கு முன்னால ஒரு பய இல்லடி'ம்பான். நான் இத எடுத்து நீட்டுவேன். 'அறுபத்தொண்ணுலேர்ந்து எண்பத்தெட்டு வரைக்கும் பன்னண்டாம் நம்பரோட பின்பக்கத்த மோந்துக்கிட்டுல்ல போன'ன்னு கேப்பேன். வாயத் தொறக்கமாட்டான். ஒரு வாரத்துக்கு வீடு அமைதியா இருக்கும்."

ஹாய்ட் கிளாண்டன் கதை விடுவதற்கும் காரணம் இருக்கிறது. தொழிலாளர் தினத்தன்று நடக்கும் இருநூறு சுற்றுதான் எங்கள் ஊருக்குப் பெரிய பந்தயம். ஜெயித்தவன் பெயரை வாசல் பலகையில் வருடத்தோடு எழுதுவார்கள். மில்லுக்குப் போகிற வழியில்தான் அந்த வாசல். ஹாய்ட் ஐந்து தரம் இரண்டாவதாக வந்திருந்தான். இரண்டாவதாக வந்தவனுக்குப் பலகையில் இடமில்லை. ஐம்பத்தெட்டாம் வருடம், முதுகு இனித் தாங்காது, பெரிய பந்தயத்துக்கு இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டான். வெர்டி அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பலகை எழுதுகிற பெயின்டரைத் தேடிப் போய், "கிளாண்டன்னு எழுத அந்த ஓரத்துல எடம் பத்துமா?" என்று விசாரித்துவிட்டு வந்தாள். பத்தும் என்று அவன் சொன்னதை எங்களிடம் மூன்று தரம் சொன்னாள்.

அந்த ஐம்பத்தெட்டாம் வருடப் பந்தயத்தைப் பற்றி இன்றைக்கும் முடிவெட்டும் கடையில் சண்டை நடக்கிறது. சண்டை போடுகிறவர்கள் யாரும் மேடையில் இல்லை. நான் இருந்தேன்.

அண்ணன் கார் முப்பத்தொன்றாவது சுற்றிலேயே படுத்துவிட்டது. நூறைத் தாண்டியபோது எட்டாம் நம்பரும் நாற்பத்து நான்கும்தான் முன்னால் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எட்டு ராய்ஸ் லெட்பெட்டரின் கார். அதற்கு எழுதுகிறவள் அவன் மனைவி ஓப்பல்; வெர்டி அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள். நூற்று முப்பத்தேழு முடிந்து கார்கள் வளைவில் போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாம் வளைவில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. செம்மண் புழுதி கூரை உயரத்துக்கு எழும்பியது. அதற்குள் ஒரு நீல வெள்ளைக் கார் சுழல்வது தெரிந்தது. எட்டாம் நம்பரும் நீல வெள்ளைதான்.

"ஐயோ, என் ராய்ஸு!" என்று ஓப்பல் எழுந்து நின்றுவிட்டாள். அட்டை காலடியில் விழுந்தது.

அது வேறு யாருடைய காரோ. ஓட்டினவன் தானே இறங்கி, கதவை எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கொடி விழுந்தது, கார்கள் மெதுவாக ஊர்ந்தன, சிலர் டயர் மாற்றப் பாதையை விட்டு உள்ளே போய் நின்றார்கள். ஓப்பல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அட்டையைத் தேடி எடுத்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி எட்டுக்குத்தான் முதலில் விழுந்தது. நாற்பத்து நான்கு ஒட்டினாற்போல் பின்னால் வந்தது. ஹாய்ட் வழக்கம்போல ஆறாவது தரமும் இரண்டாவது என்று காரை லாரியில் ஏற்றப் போய்விட்டான். அரை மணி கழித்துத் தலைமைக் கணக்கர் டெலிங்கர் அட்டைகளைச் சரிபார்த்துவிட்டு மேடைக்கு வந்தார். எட்டின் அட்டையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது சுற்றுதான் இருந்தது. நாற்பத்து நான்கின் அட்டையில் இருநூறு.

"எந்திரிச்சுட்டேன் சார். அவரு போயிட்டாருன்னு நெனச்சுட்டேன். அந்த ஒண்ண எழுதல. ஆனா அவரு ஓடுனாரு சார், உள்ள போய் நிக்கவே இல்ல," என்று அழுதாள் ஓப்பல்.

"அவனவன் வீட்டு ஆளு அவனவனுக்குத்தாம்மா சாட்சி சொல்வாங்க. அட்டையில இல்லாத சுத்து ஓடாத சுத்து. இது உன் கையெழுத்துதானே?"

அவள் கையெழுத்துதான். ஒலிபெருக்கியில் ஹாய்ட் கிளாண்டன் பெயரைச் சொன்னார்கள். பாதிக் கூட்டம் கத்தியது, பாதிக் கூட்டம் ஏசியது. லாரியடியிலிருந்து ஹாய்டை இழுத்துவந்து, கழுத்தில் கார்னேஷன் பூமாலையைப் போட்டார்கள். மேடைப் பெண்கள் வெர்டி அக்காவைக் கட்டிப்பிடித்தோம். அவள் மரம் மாதிரி நின்றாள். கையில் காலண்டர் தாள் இருந்தது. எட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு என்ற வரிக்கு நேராக 8 என்று போட்டிருந்தது. புழுதிக்குள் ஹாய்டுக்கு நேர் முன்னால் கோட்டைத் தாண்டியது ராய்ஸ்தான்; ஓப்பல் எழுதாமல் விட்ட சுற்று அதுதான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "மடிச்சுப் பையில வெச்சுரு அக்கா. யாருக்குத் தெரியப்போவுது?" என்று அவள் காதில் சொன்னது நான்தான்.

அவள் பக்கத்தில் நின்றவளின் சோடாவை வாங்கி, விடிந்ததிலிருந்து காய்ந்த தொண்டையில் ஒரே மூச்சில் கவிழ்த்தாள். பாட்டிலைக் கீழே வைத்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"எனக்கும் ஆசை இல்லாமலாடி பெயின்டரப் போய்ப் பாத்தேன்? ஆனா நாளைக்கு அந்த மனுஷன் வந்து, 'எனக்கு முன்னால யாரும் இல்லடி'ம்பான். சாவுற வரைக்கும் சொல்லுவான். நான் எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?"

படியிறங்கிப் போய்த் தாளை டெலிங்கரிடம் நீட்டினாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"வெர்டி, இதக் குடுத்தா தோக்கிறது உன் புருஷந்தாம்மா."

"யாருன்னு தெரியும் சார். கட்டிக்கிட்டவ நான்தான்."

அவர் நாலைந்து இடத்தில் மற்றவர்களுடைய அட்டையோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெருமூச்சு விட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வெர்டி அக்காவோடு பந்தயப் பாதையைக் கடந்து நடந்தார். ஓப்பலும் நானும் பின்னால் போனோம்.

ஹாய்ட் காரின் மூக்கில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் செம்மண், கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பு. மாலை மார்பில் புரண்டது. அவள் வருவதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"என்னடி?"

"நூத்தி முப்பத்தெட்டு. உனக்கு முன்னால எட்டு."

அவன் கையுறையைக் கழற்றினான். "தெரியும். புழுதியில அவன் பம்பர ரெண்டு வாட்டி இடிச்சேன்," என்றான்.

"தெரிஞ்சேதான் மாலையப் போட்டுக்கிட்டியா?"

"ஒரு நப்பாசைதான். அந்தப் புழுதியில நீ எழுதியிருக்க மாட்டியோன்னு."

"என்னோட இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திட்டு, இதக்கூட நீ தெரிஞ்சுக்கல."

ஹாய்ட் காரிலிருந்து இறங்கினான். ஆறடி மனுஷன், குட்டையான அவளுக்கு எட்டும்படி குனிந்து நின்றான். வெர்டி அக்கா மாலையை அவன் தலை வழியாகக் கழற்றி ஓப்பலின் கையில் கொடுத்தாள். வியர்வையில் நனைந்த அவன் கழுத்திலும் சட்டைக் காலரிலும் நாலைந்து சிவப்பு இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவனை இன்னும் கொஞ்சம் குனியச் சொல்லி, நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, அவற்றையும் எண்ணி ஓப்பலிடம் கொடுத்தாள்.