குளூட்டன் இல்லாத இறாலும் மா தூவிய கையும்

1. ஓம், இருக்கு

திருகோணமலையில் சுற்றுலா வான் ஓட்டி இருபத்தாறு வருடம். காட்டு யானை வீதியை மறித்து நின்ற நாளில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்காக எழுதுகிறேன், வெட்கத்தோடுதான்.

எலேனா நிலாவெளிக்கு டைவிங் செய்ய வந்த வெளிநாட்டுப் பெண். என் வானில்தான் சுற்றினார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவருக்கு ஆகாது. சிறு துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் மூன்று நாள் எழும்ப ஏலாத வருத்தம். பத்து நாளாக வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டு அலுத்துப்போய், ஊருக்குப் போக முதல் நாள் ஒரு ஆசை சொன்னார். மெக்சிக்கோப் பாணியில், சோள ரொட்டிக்குள் இறால் வைத்து மடித்துச் சாப்பிட வேண்டுமாம்.

"பிரச்சினையே இல்லை" என்றேன். 'ஏலாது' என்ற சொல்லை நாங்கள் லைசென்ஸ் எடுக்கிற அன்றே கையளித்துவிட்டுத்தான் வருகிறோம்.

2. குச்சியில் இருந்த மெக்சிக்கோ

கடற்கரை ஹோட்டல் ஒன்றின் மெனுவில் 'மெக்சிக்கன் இறால்' இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய மனேஜரிடம் குளூட்டன் பற்றிக் கேட்டேன்.

"சீச்சீ, அந்தச் சாமானெல்லாம் நாங்கள் போடுறேல்லை அண்ணை. எல்லாம் ஃப்ரெஷ்."

வந்தது, நாங்கள் கல்யாண வீடுகளில் சாப்பிடுகிற அதே டெவில் இறால். மாவில் புரட்டிப் பொரித்து, தக்காளி சோஸ் ஊற்றி, தொப்பிப் படம் ஒட்டிய ஒரு குச்சியைக் குத்தியிருந்தார்கள். மெக்சிக்கோ அந்தக் குச்சியில் மட்டும்தான் இருந்தது.

"இது கோதுமை மா எல்லோ?"

"லேசாத் தூவினதண்ணை. அதெல்லாம் மா எண்டு கணக்கில்லை."

எலேனா தட்டைத் தொடாமலே எழும்பினார். அடுத்து, துறைமுகப் பக்கத்துக் கடை. முதலாளி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "வருத்தக்காரியை ஏன் கடைக்குக் கொண்டு வாறீங்கள்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோவன்" என்றார். அன்று நான் சந்தித்தவர்களில் நேர்மையானவர் அவர்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

3. ஓர்ஸ் ஹில் குசினி

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஓர்ஸ் ஹில்லில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி சிவாவிடம் எலேனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சோள மாவும், வதக்குவதற்கு ஒரு புதுத் தாச்சியும் நானே வாங்கினேன். பலகையை இரண்டு தரம் கழுவினேன். சோயா சோஸிலும் கோதுமை உண்டென்று அந்தப் போத்தலைக்கூட வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

"நீ பொலிசுக்குப் போயிருக்கலாம் மச்சான்" என்றான் சிவா.

அவன் இறாலைப் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் விட்டு வதக்க, நான் ரொட்டி தட்டினேன். சோள மா பலகையில் ஒட்டியது. பக்கத்து டின்னுக்குள் கைவிட்டு, ஒரு பிடி அள்ளித் தூவினேன். பிறகு நாலு ரொட்டியும் வட்டமாக வந்தன. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

தட்டு மேசைக்குப் போன பிறகு கையைத் துடைத்தபடி அந்த டின்னைப் பார்த்தேன். கோதுமை மா. வீட்டில் ரொட்டி ஒட்டினால் செய்கிற அதே வேலையைக் கை தன்பாட்டில் செய்திருக்கிறது.

சிவாவிடம் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பேசாமல் இரு. நாளைக்கு ஃப்ளைட் தானே? வருத்தம் வந்தாலும் பிளேனிலதான் வரும். எங்கட கடை எண்டு ஆருக்குத் தெரியப் போகுது?"

எலேனா ரொட்டியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சாப்பிடாதீர்கள்! கோதுமை மா பட்டுவிட்டது. தூவியது நான்தான்" என்று இங்கிலீசில் கத்திக்கொண்டு ஓடினேன்.

ரொட்டியை மெல்லக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கொஞ்சம் வெறும் சோறு கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிமாரே, விருந்தாளி கேட்டது உங்களுக்குத் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லுங்கள். பிழை விட்டால் உடனே சொல்லுங்கள். இதெல்லாம் எழுதுவது லேசு. சிவா சொன்னதைக் கேட்டு நானும் ஒரு நிமிடம் யோசித்துக்கொண்டு நின்றேன். ரொட்டி அவருடைய வாய்வரை போனது அந்த நிமிடத்தில்தான். மா தூவிய கையை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை இன்னும் என்னால் மன்னிக்க ஏலவில்லை.