அரக்குக் கிளை

என் அக்கா பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பன்னீர்த் திராட்சைக் கொடி வளர்த்தாள். அவள் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, அவள் கணவர் எனக்கு போன் செய்தார். நான் செய்தித்தாளில் மாவட்டச் செய்திகள் எழுதுகிறவன். எதைக் கேட்டாலும் எனக்கு யாரையாவது தெரிந்திருக்கும் என்பது மாமாவின் நம்பிக்கை.

"பழம் புளிக்குது. கொத்து வருசா வருசம் சின்னதாயிக்கினே வருது. அவ இருந்தா என்னத் திட்டித் தீர்த்துடுவா. வந்து பாருப்பா."

மாமா பட்டு நெய்கிறவர். அக்கா இருந்தவரை அந்தக் கொடியை அவர் தொட்டதில்லை. அவள் போனபின் தினமும் காலையில் தறியில் உட்காருமுன் அதற்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுடையது என்று அந்த வீட்டில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

நான் போனபோது பந்தலில் பாதி இலைகள் சிவந்திருந்தன. விளிம்புகள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. இலை அரக்குச் சிவப்பு, நரம்பு மட்டும் பச்சை. எனக்கு அது புதிதல்ல. அக்கா இருந்தபோதே ஒரு கிளை அப்படித்தான் இருந்தது. நெய்கிறவர்களும் சாயம் போடுகிறவர்களும் நிறைந்த அந்தத் தெருவில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்பது அவர்கள் புடவையில் நெய்கிற சேர்க்கை. ஐப்பசியில் அக்கா கொடியை வெட்டிவிடும்போது வந்து நிற்பார்கள்.

"யக்கா, எனக்கு அந்த அரக்குக் கிளையிலயே ஒரு குச்சி குடு."

அவளும் பெருமையோடு அதிலிருந்தே வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுப்பாள். ஒருமுறை அவள் வெட்ட வசதியாக நான்தான் கிளையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உரிந்திருந்த பட்டையை நீக்கி, அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்த மாவுப்பூச்சிகளைக் காட்டினார். வைரஸ் என்றார். அவர் சொல்லச் சொல்ல, பழக்கத்தில் எழுதிக்கொண்டேன். வைரஸ் தானாகப் பெருகாது. செடியின் உயிரணுவுக்குள் புகுந்து, அதைக்கொண்டே தன்னைப் போல ஒன்று, இன்னொன்று என்று செய்துகொள்ளும். இலையில் உண்டாகும் சர்க்கரை பழத்துக்கு இறங்குகிற பாதையில் குடியிருந்து, அதைக் கெடுக்கும். சர்க்கரை இலையிலேயே தங்கிவிடும். இலை சிவப்பதும் பழம் புளிப்பதும் அதனால்தான். மாவுப்பூச்சி ஒரு கொடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த கொடிக்குக் கொண்டுபோகும். எறும்பு அந்தப் பூச்சியைச் சுமந்து போகும். இரண்டையும்விட வேகமானது மனிதர் கை. வெட்டி நட்ட குச்சி புதுச் செடி அல்ல, அதே செடி. நோயும் கூடவே போகும்.

"மருந்து?" என்றார் மாமா.

"கிடையாதுங்க. வேரோட எடுத்துக் கொளுத்திடுங்க. விட்டு வெச்சா அக்கம்பக்கத்துல இருக்கிற நல்ல கொடிக்கும் போயிடும்."

அலுவலர் போன பிறகு மாமா பந்தலடிக்குத் திரும்பி வந்தார். "ஏழு வீட்டுக்குக் குடுத்திருக்கா," என்றார். "ஒண்ணாவது நல்லா இருக்கும்பா. அதுல ஒரு குச்சி வாங்கி நட்டுட்டா, இத எடுத்துடறேன்."

அன்று மாலையே கிளம்பினோம். முதல் வீட்டில், "இன்னா மாமா, குடுத்தத திருப்பிக் கேக்க வந்துட்டியா?" என்று சிரித்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். சிவப்பு. அடுத்ததிலும் சிவப்பு. நான்காவது வீட்டில் ஓர் அம்மாள் இலையை ஏந்திக் காட்டினார். "பாரு, உங்க வீட்டுதவிட எம்மாம் நல்லா அரக்கு ஏறியிருக்குது!" மாமா, "ஆமாம்மா," என்றார். விஷயத்தை ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் சொன்னேன். அந்த அம்மாள் இலையைக் கையிலிருந்து விடவில்லை.

ஆறு வீடுகள் முடிந்தன. ஏழாவது, பின்தெருவில் நான்கு வீடு தள்ளி. அங்கே ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. மாமா கொடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இலைகளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார்.

"இனிக்குதுப்பா!"

அக்கா போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண் மட்டும் கதவோரமே நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, தப்பா நெனச்சிக்காத. அக்கா குடுத்தது பொழைக்கல. காஞ்சிப்போச்சு. தெரிஞ்சா சங்கடப்படுவாங்களேன்னு நர்சரில ஒண்ணு வாங்கி அதே எடத்துல நட்டுட்டேன். வரப்பல்லாம் 'எங்கொடி எப்படி இருக்குது'ன்னு தடவிப் பார்த்துட்டுப் போவாங்க. கடைசி வரைக்கும் நான் சொல்லல."

மாமா வாயிலிருந்த விதையை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார். பிறகு, "நீ செஞ்சது நல்லதாப் போச்சுமா," என்றார். தெருவுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்.

"நம்ம வூட்டுப் பூச்சி இங்க வருமா?"

"வரும் மாமா."

மறுநாள் காலை அவர் தறியில் உட்காரவில்லை. தண்ணீரும் ஊற்றவில்லை. வேரைத் தோண்டக் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அக்காவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

"அந்த அரக்குக் கிளையப் புடிச்சிக்கப்பா," என்றார்.

பிடித்துக்கொண்டேன்.