ஜானி பாஷாவின் கடைசி ரெக்கார்டிங்

திருவண்ணாமலையில் ஜானி பாஷாவின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் இல்லை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பர்னிச்சர் மேளா, பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் என்று ஊரைச் சுற்றும் விளம்பர ஆட்டோக்களில் இருபத்திரண்டு வருடமாகப் பேசியது அவர்தான். "அன்பான தாய்மார்களே!" என்று அவர் தொடங்கினால் மாடியில் துணி காயப்போடுகிறவள்கூட எட்டிப்பார்ப்பாள். அந்தக் குழைவெல்லாம் மைக்குக்கு மட்டும்தான். வீட்டில் மனைவி ரசியா பேகத்திடம் 'இந்தா', 'ம்', 'வை' என்ற மூன்றை வைத்தே குடும்பம் நடத்திவிட்ட மகராசன்.

ரெக்கார்டிங் எல்லாம் வீட்டுப் பின்னறையில், பழைய கம்ப்யூட்டரில். அதற்குள்ளேயே இருந்த சவுண்ட் கார்டில் ஒரு சௌகரியம்: மைக்கைச் செருகினால் பேசலாம், வேறு எதையும் தொட வேண்டாம். ஒரு பீடையும் உண்டு: பெட்டிக்குள் ஓடுகிற அத்தனை இரைச்சலும் குரலோடு சேர்ந்து பதிவாகும். ஆட்டோ ஸ்பீக்கருக்கு அது போதும். ஆனாலும் திரையை அணைத்தால் இரைச்சல் கொஞ்சம் கம்மி என்று கண்டுபிடித்து, பதிவைத் தொடங்கியதும் திரையை அணைத்துவிட்டுப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

தொண்டையில் புற்று என்று வேலூரில் சொன்னார்கள். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும்.

அப்போதுதான் பாஷாவுக்கு உறைத்தது. தன் குரலில் ரசியாவுக்கென்று ஒரு வார்த்தைகூட இந்த உலகத்தில் மிஞ்சப்போவதில்லை. ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளை வேங்கிக்காலில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். கல்யாண வீடியோ எடுக்கும் மாறனிடம், கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கிற சவுண்ட் கார்டை இரவல் வாங்கினார். உள்ளங்கையகலப் பெட்டி.

"இதுல இரைச்சலே வராது பாய். நீங்க பேசறது ஹெட்போன்ல அப்படியே கேக்கும்" என்றான் மாறன்.

மைக்கையும் ஹெட்போனையும் அந்தப் பெட்டியில் செருகிப் பேசிப்பார்த்தார். கேட்டது. தன் குரல் இத்தனை சுத்தமானது என்று அவருக்கே தெரியாது. முதலில் "ரசியா" என்றார். அதற்கே கண் கலங்கிவிட்டது. பிறந்த மூன்றாம் நாள் போய்விட்ட பிள்ளையைப் பற்றி, அன்று அவளை ஒரு வார்த்தை தேற்றாமல் வேலைக்குப் போனதைப் பற்றி, தொண்டை ரணமாக ஒரு மணி நேரம் பேசினார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். திரையை அணைத்துவிட்டுத்தான் பேசினார்.

மறுநாள் வேலூர் பஸ்ஸில் ரசியா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாம்தான் பதிவாகியிருக்கிறதே என்று அவர் வாய் திறக்கவில்லை.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு' என்றார்கள் பார்க்க வந்தவர்கள். கழுத்தில் ஓட்டையோடு வீடு திரும்பிய மூன்றாம் நாள், ரசியாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவை ஓடவிட்டார்.

இரைச்சல் கேட்டது. பத்தாவது நிமிடத்துக்குத் தள்ளினார், இரைச்சல். ஐம்பதாவது நிமிடத்திலும் அதேதான்.

பிறகுதான் புரிந்தது. அந்தப் பெட்டி குரலைத் தானே நேராக ஹெட்போனுக்குக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பதிகிறதா இல்லையா என்று அதற்குக் கவலையில்லை. இனிமேல் குரலை இந்தப் பெட்டியிலிருந்து எடு என்று கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டிருக்க வேண்டும். அவர் மாற்றவில்லை. மைக்கே செருகாத பழைய கார்டிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் வெறும் இரைச்சலைப் பதிந்து வைத்திருந்தது. திரை எரிந்திருந்தால், குரலுக்கு ஆடவேண்டிய கோடு ஆடாமல் கிடந்ததை அப்போதே பார்த்திருப்பார்.

"என்னாங்க இது? என்னா பேசினீங்க?" என்றாள் ரசியா.

நோட்டில் எழுதிக் காட்டினார்: 'முதலில் உன் பேரைச் சொன்னேன்.'

அவள் படித்தாள். தெருவில் அவருடைய பழைய பதிவோடு ஆட்டோ ஒன்று வந்தது. "அன்பான தாய்மார்களே! சகோதரிகளே!" ரசியா எழுந்து ஜன்னலருகே போய், அது தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல இருக்கற பொம்பளைங்களையெல்லாம் கூப்பிட்டாச்சு" என்றாள் திரும்பாமலே. "பஸ்ல பக்கத்துலதானங்க இருந்தேன். ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்."

பாஷா வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையிலிருந்து காற்றுதான் வந்தது.