மழை, ஹெல்மெட் கண்ணாடி, சினை ஊசி

சினை ஊசி போடுகிற தொழிலில் மழைக்கு ஒதுங்கி நிற்க முடியாது. மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் காலத்தோடு போய்ச் சேர வேண்டும், விட்டால் மூன்று வாரம் போச்சு, மாட்டுக்காரர் வாயில் நம் பேரும் போச்சு.

எனக்கு உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நைட்ரஜன் கேன், அதற்குள் காளை விந்தை உறைய வைத்த ஊசிக் குச்சிகள், தோளில் பை, தலையில் ஹெல்மெட். மூக்கின் மேல் வேறு கண்ணாடி. மழை வந்தால், விடுகிற மூச்சில் மூக்குக்கண்ணாடி மங்கும், ஹெல்மெட் கண்ணாடியும் மங்கும், அதற்கு மேல் மழைத்துளி. சரி என்று தூக்கிவிட்டு ஓட்டினால் மழை முகத்தில் சுருக் சுருக்கென்று குத்தும். ஊசி போடுகிறவளுக்கே ஊசி. இந்த அவஸ்தையை அனுபவித்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது புரியாது.

ஷாம்பு

பால் சொசைட்டியில் பால் அளக்கும் செல்விதான் முதலில் வைத்தியம் சொன்னாள். "ஷாம்புல ஒரு சொட்டு எடுத்து உள்பக்கம் தடவித் தொடைச்சுடுங்கக்கா, மங்கவே மங்காது." அன்றைக்கு நான் நாலு மாட்டுக்காரர்களோடு ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது ஷாம்பு என்ற வார்த்தை மட்டும். ஒரு பாக்கெட்டை முழுசாகக் கிழித்து வெளிப்பக்கம் பூசினேன். காய்ந்ததும் பளபளவென்றுதான் இருந்தது.

பெருநகர் கிராமம் நெருங்கும்போது மழை பிடித்தது. கண்ணாடி நுரைத்தது. கையால் வழித்தேன், இன்னும் நுரைத்தது. நுரை கழுத்து வழியாக இறங்கி ரெயின்கோட்டுக்குள் போய், மார்பில் மல்லிகைப்பூ வாசனையோடு வழிந்தது. மாட்டுக்கார வீட்டு அம்மா வாசலில் குடை பிடித்து நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "குளிச்சிக்கினு இருக்க சொல்லோவே ஓடியாந்துட்டியா? மாடு எங்க ஓடப்போவுது, தல தொவட்டிக்கினு வந்திருக்கலாமே."

தேங்காய் எண்ணெய்

அடுத்த யோசனை என்னுடையதே. எண்ணெய் தடவினால் தண்ணீர் ஒட்டாது அல்லவா? தடவினேன். தண்ணீர் ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் உலகமே வழுக்கிக்கொண்டு போனது. மரமெல்லாம் நெளிந்தது. எதிரே வந்த லாரி மூன்று லாரியாக வந்தது.

வழி தவறிவிட்டோம் என்று தெரிந்ததும் சாலையோரம் ரெயின்கோட் மாதிரி ஏதோ போர்த்திக்கொண்டு நின்றவரிடம் வண்டியை நிறுத்தினேன். "அண்ணா, கன்னியப்பன் வீடு எது?" பதில் இல்லை. காது கேட்காதவர் போல என்று இன்னும் உரக்கக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மழையில ஒரு பொம்பள நின்னு கேக்கறேன், வாயத் தொறந்து சொன்னா என்ன?" என்றேன். பின்னாலிருந்து சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றார். அவர்தான் கன்னியப்பன் என்று பிறகு தெரிந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: "அது எங்க வைக்கப் போரும்மா, நனையக் கூடாதுன்னு தார்ப்பாய் போட்டு கட்டிகீறோம். இன்னா வோணும், என்னாண்ட கேளு."

ஏசி

கார்க்காரர்கள் ஏசி போட்டுக் கண்ணாடியைத் தெளிய வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் இல்லாத குளிரா? நைட்ரஜன் கேனைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி வழியும். எல்லப்பன் என்பவர் வீட்டில் ஊசி போட்டு முடித்ததும், ஹெல்மெட்டைக் கேன் பக்கத்தில் வைத்து அந்தப் புகையை உள்ளே நன்றாக வழியவிட்டேன். எல்லப்பன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் வைத்தியத்தில் ஒரு பாகம் என்று நினைத்திருப்பார்.

ஜில்லென்று தலையில் மாட்டினேன். ஒரே ஒரு மூச்சு விட்டேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி கண்ணாடி முழுக்க வெள்ளை. வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது. பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் முன்சக்கரம் எதிலோ மெத்தென்று இறங்கி நின்றது. வாசனையை வைத்து எருக்குழி என்று கண்டுபிடித்தேன். அடிபடவில்லை. எல்லப்பன் வந்து வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டே வருத்தத்தோடு கேட்டார்: "எரு வோணும்னா சொல்லியிருந்தா மூட்ட கட்டிக் குடுத்திருப்பேனே."

பச்சை கேட்

இது மாகறலில். முருகேசன் என்பவருடைய மாட்டுக்கு இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்த முறை தவறவிடக் கூடாது என்று அவர் காலையிலேயே போன் செய்தார். "கோயில் தாண்டி ரெண்டாவது தெரு, பச்ச கேட்டு." கொட்டுகிற மழை. கண்ணாடிக்குள் எல்லாமே சாம்பல் நிறம். ஒரு கேட் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. உள்ளே ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு தயாராகவே நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன லோடு வண்டி. நான் பேசக்கூட இல்லை. கையுறை மாட்டிக்கொண்டேன், அவரும் மாட்டை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார். ஊசிக்கு முன் உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தேன். திரும்ப ஒருமுறை நிதானமாகப் பார்த்தேன்.

"என்னண்ணா, மாடு சினையா இருக்கு. அப்புறம் எதுக்கு ஊசிக்குக் கூப்பிட்டீங்க?"

"நான் எங்கம்மா கூப்ட்டேன்? மாடு வாங்குற ஆளு பாக்க அனுப்பிச்சாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் பெயர் தனபால். ஒன்றரை வருடமாக மாடு சினை பிடிக்கவில்லை, மலடு என்று முடிவு செய்து விற்றுவிட்டார். ஏற்றிப் போகத்தான் அந்த வண்டி. அவர் மனைவி அதைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாராம். சினை என்ற சொல் கேட்டதும் கதவு திறந்தது. "திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். மூன்று மாதத்துக்கு மேலிருக்கும் என்றேன். "ஏரில மேய சொல்லோ எவன் காளையோ வந்திருக்குது" என்று தனபால் தலையைச் சொறிந்தார். அந்த அம்மா அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி மாட்டைத் திரும்பக் கொட்டகைக்குள் கட்டிவிட்டு வந்தார். லோடு வண்டிக்காரர் டீ குடித்துவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

முருகேசன் வீடு அடுத்த தெருவில். அவர் மாட்டுக்கும் நேரத்தோடு ஊசி போட்டுவிட்டேன், அதுவும் நின்றது. ஆனால் அங்கே போவதற்காக நான் வண்டியைக் கிளப்பி, கண்ணாடி மங்கி வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் ஹெல்மெட்டைத் துடைக்கப் போனபோது தனபால் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "அந்தக் கண்ணாடிய மட்டும் தொடச்சிடாத தாயி."

இட்லிப் பானை

ஒருநாள் மூக்குக்கண்ணாடியில் சாணி தெறித்ததால் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியால் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இட்லிப் பானையைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணாடி மங்கவில்லை. இட்லியை அப்படியே விட்டுவிட்டு ஹெல்மெட்டை எடுக்க ஓடினேன். உள்பக்கம் ஒரு சொட்டு, பழைய பனியன் துணியால் தடம் தெரியாமல் துடைப்பு, ஓட்டும்போது கீழே ஒரு விரல் இடைவெளி. செல்வி அன்றைக்கே சொன்ன வைத்தியமும் இவ்வளவுதான். அன்று முதல் மழையில் வழி தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, கேட்டின் நிறம் தெரிந்தது.

என் முகமும் வெளியே தெரிந்தது. இதை நான் யோசிக்கவில்லை. தாண்டவராயன் என்று ஒருவர் தன் எருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மழைக்காலம் முழுக்க அவர் கை காட்டுவார், நான் போய்விடுவேன், கேட்டால் "மழையில தெரியலண்ணே" என்பேன். இப்போது தூரத்திலேயே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெளிவாகப் பார்த்துவிட்டோம். அவர் சாலை நடுவில் வந்து நின்று, குனிந்து என் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப நல்லாத் தெரியுதில்ல, எறங்கு, எருமைய வந்து பாரு."

ஆக, கண்ணாடி மங்கியிருந்தவரை நான் மாட்டைத் தேடி அலைந்தேன்; தெளிந்த பிறகு மாட்டுக்காரர்கள் என்னைத் தேடிப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம்.